புழு இல்லாத வீடு

ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்து, அதன் முதுகுக்குப் பின்னே குந்தி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீர் சொட்டும் தட்டை இரண்டு கையாலும் உருவிக்கொண்டிருந்தார் கொசுக்காரர். கூடத்தில் அவர் மனைவியின் உடலைக் கொண்டுவந்து கிடத்திக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதும், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்கள்.

தட்டு காய்ந்து கிடந்தது. விரலால் தடவினார். வெறும் தூசி.

"மாப்பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுடுச்சா?" என்று மனைவியின் அண்ணன் மெல்லக் கேட்டார்.

"விடுங்க. அழ முடியாதவங்க இப்படித்தான் எதையாவது உருட்டிக்கிட்டு இருப்பாங்க," என்றாள் ஒருத்தி.

புத்தி நன்றாகத்தான் வேலை செய்தது. அதுதான் அவருக்குத் தொல்லையாக இருந்தது. சுகாதாரத் துறையில் கொசு ஒழிப்புப் பிரிவில் தலை நரைத்த பிறகும் உழைப்பவர். வீடு வீடாகப் போய்த் தொட்டி, பானை, பழைய டயர் என்று டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவது வேலை. வைத்த பெயரைக் கூப்பிட ஊரில் ஆளில்லை, எல்லாருக்கும் கொசுக்காரர்தான். மனைவிக்கும் அப்படித்தான். "ஊர்ல இருக்கிற கொசுவெல்லாம் உங்களைக் கண்டா எழுந்து நின்னு வணக்கம் வைக்குது. என் வீட்டுல நான் ஒரு சொம்பு தண்ணி வைக்க முடியல," என்பாள். வாளி காலியானால் கவிழ்க்க வேண்டும், குடத்துக்கு மூடி வேண்டும், வெள்ளிக்கிழமை தொட்டியைத் தேய்க்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் அந்த வீட்டுச் சட்டம். அவளும் வாய் ஓயாமல் கேலி பேசிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள்.

டெங்குவில் ஒருவர் போய்விட்டால் அந்த வீட்டை அன்றைக்கே தேடிவிட வேண்டும் என்பது அவர்கள் பிரிவின் வழக்கம். செத்தவரைக் கடித்த கொசு செத்துவிடுவதில்லை. அது கட்டிலுக்கு அடியிலோ, மாட்டியிருக்கும் சட்டைக்குப் பின்னாலோ உட்கார்ந்திருக்கும். துக்கத்துக்கு வந்தவர்களின் காலைக் கடிக்கும். அவர்கள் காய்ச்சலையும் கொண்டு ஊருக்குத் திரும்புவார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ வீடுகளில் பிணத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கிறார். ஏச்சும் வாங்கியிருக்கிறார். "இன்னிக்குமாய்யா வரணும்?" என்று கேட்காத வீடு இல்லை. இப்போது அவர் வீட்டிலேயே அந்தக் கேள்வியை எல்லார் கண்ணும் கேட்டது.

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். காலையில் பேருந்திலிருந்து இறங்கியவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

"அப்பா, அம்மா பக்கத்துல வந்து உட்காருங்களேன்."

"இதோ வரேன்மா."

"எதைத் தேடுறீங்க?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு."

"வெளியிலேருந்து வந்திருக்கும். நம்ம வீட்டுல எப்படிப்பா இருக்கும்?" என்றாள். குரலில் கேள்வியும் இருந்தது.

அந்தக் கேள்விக்குத்தான் அவருக்கும் பதில் வேண்டியிருந்தது. பொழுது விடிந்ததிலிருந்து நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது அது. இந்த வீட்டில் ஒரு புழு இருந்தால், மனைவியைக் கொன்றது அவர்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஊரே காய்ச்சலில் கிடந்தது. ஆளில்லை என்று அவர் இரண்டு தெரு தள்ளிப் போய் ஊரார் தொட்டிகளில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று போனில் சொன்னாள். காய்ச்சல் விட்ட பிறகுதான் இந்த நோயில் ஆபத்து என்று மேடை போட்டுச் சொல்லுகிற மனிதர், மனைவி சொன்னதும் "அப்பாடா" என்றார். வயிறு வலிப்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம்தான் சொன்னாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் தையல்காரிதான். இவர் போய்ச் சேர்ந்தபோது அவள் கையெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது.

குளியலறை, மாடிப்படிக்கு அடியில், மழை நீர்க் குழாய், தண்ணீர் தொட்டியின் மூடி. எல்லாம் பார்த்தார். எங்கேயும் ஒன்றுமில்லை. மாடியிலிருந்து இறங்கும்போது அவருக்கே வெட்கமாக ஒரு நிம்மதி வந்தது. கூடத்துக்குப் போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, மின்விசிறியை இன்னும் வேகமாக வைக்கச் சொன்னார். அவளுக்கு மின்விசிறி பிடிக்காது. இன்றைக்கு அவளால் சண்டைக்கு வர முடியாது.

வாசலில் ஆராய்ச்சி டாக்டர் வந்து நின்றாள். சின்ன வயசுப் பெண். இந்த முறை டெங்கு ஏன் இத்தனை உயிரைக் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவள். சாவு விழுந்த வீடுகளிலிருந்து புழுக்களை எடுத்துப்போய் அவற்றுக்குள்ளேயே கிருமி இருக்கிறதா என்று சோதிப்பாள். மூன்று மாதமாக இவர்தான் அவளுக்கு வீடு வீடாக வழிகாட்டி. இன்றைக்கு மருந்தடிக்கும் ஆட்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தாள்.

"நாங்க நாளைக்குக்கூட வரோம் சார்," என்றாள்.

"நாளைக்கு வந்து என்ன பிரயோஜனம்? நான் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல. நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்க."

"நீங்க பார்த்ததுக்கு அப்புறம் நான் என்ன சார் பார்க்கிறது?" என்று சொல்லி அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

தையல்காரி வந்து அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டாள். "அண்ணே, நேத்துலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல உங்களுக்கு. ஒரு வாய் டீ குடிச்சுட்டு வந்துடுங்க. அக்கா இருந்தா என்னைத்தான் திட்டும்." அழுதழுது அவள் குரல் கட்டியிருந்தது. மறுக்க முடியாமல் பின்னால் போனார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தையல் இயந்திரத்தின்மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை கிடந்தது. அவரை உட்காரவைத்துவிட்டு அவள் டீ போட உள்ளே போனாள். இயந்திரத்துக்குப் பக்கத்து ஜன்னல் திட்டில், வெயில் படாத மூலையில், பழுப்பு நிறப் பீங்கான் ஜாடி ஒன்றில் மணிபிளான்ட் தழைத்துக் கம்பியெல்லாம் ஏறியிருந்தது.

இந்தத் தெருவில் அவர் சோதனைக்குப் போவதில்லை. சொந்தத் தெருவைச் சொந்த ஆள் பார்க்கக் கூடாது, முகதாட்சண்யம் வந்துவிடும் என்று வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் எழுந்து போனவரின் கை தானாக டார்ச்சை எடுத்தது. ஜாடியின் வாய்க்குள் வெளிச்சம் விழுந்ததும் பத்துப் பதினைந்து புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின.

அவர் டார்ச்சை அணைக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது அக்கா செடிதான்," என்றாள் தையல்காரி, டீயோடு வந்து. "உங்களுக்குத் தெரிஞ்சா வீட்டுல வைக்க விடமாட்டீங்கன்னு இங்க வச்சிருந்துச்சு. நீங்க வேலைக்குக் கிளம்பினதும் வந்துடும். தினமும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்திட்டு, இதோ இந்த ஸ்டூல்லதான் உட்காரும். இலையைத் துடைச்சுக்கிட்டே உங்களைப் பத்தி ஏதாவது சொல்லிச் சிரிக்கும்."

கல்யாணமான புதிதில் மனைவி ஒரு கண்ணாடிக் குப்பியில் இதே கொடியை வைத்திருந்தாள். அதைச் சாக்கடையில் கொட்டியவர் அவர். "செடிதானே, போனா போகுது," என்று சொன்னாள். அவ்வளவுதான் என்று அவர் நினைத்துவிட்டார். தண்ணீர் ஊற்றினால் போதாது, முழுசாக மாற்ற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவர் வீட்டில்தான் செடியே இல்லையே.

தையல்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. பாவம், அதுக்கு ஆசை."

"கோவம் ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் சர்க்கரை போட்டுத் தர்றியா?"

அவள் உள்ளே போனதும் சட்டைப்பையிலிருந்த சின்னப் புட்டியில் புழுக்களை முகந்து மூடினார். உண்மையைச் சொன்னால் எச்சரிக்கை நோட்டீஸ் தையல்காரி கதவில் ஒட்டப்படும். தைக்கத் துணி கொடுக்கிறவர்கள் வேறு ஆளைத் தேடிப் போவார்கள். அதுகூடப் பெரிதில்லை. அக்கா அக்கா என்று உருகியவள், தன் ஜன்னலில் பிறந்த கொசுதான் அக்காவைக் கொன்றது என்று தெரிந்தால் கண்ணை மூடும்வரை நிம்மதியாகத் தூங்கமாட்டாள். மறைத்தாலோ மகள் முன்னால் அவர்தான் குற்றவாளியாக நிற்க வேண்டும். டீயை ஒரே மூச்சில் குடித்தார். சூடு தெரியவில்லை.

திரும்பிப் போய் டாக்டரிடம் புட்டியை நீட்டினார். "எங்க வீட்டுதுதான். எழுதிக்குங்க."

"ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே சார்?"

"சரியாப் பார்க்கல."

அவர் சரியாகப் பார்க்காமல் விட்டதை அவள் கண்டதில்லை. புட்டியைப் பார்த்தாள், அவர் வந்த திசையைப் பார்த்தாள்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான் டாக்டரம்மா. நீங்க போடுற ஊர் மேப்புல எப்படியும் ஒரே புள்ளிதான் வரும். மருந்து மட்டும் ரெண்டு வீட்டுக்கும் அடிக்கச் சொல்லுங்க. அந்த வீட்டு ஜன்னல் பக்கம் நல்லா அடிக்கச் சொல்லுங்க."

அவள் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்துக் கையசைத்தாள். மருந்தடிக்கும் ஆட்களில் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, 'இங்கே கொசுப்புழு உள்ளது' என்ற சிவப்பு நோட்டீஸைக் கொசுக்காரர் வீட்டுக் கதவில் ஒட்டினான். ஓரம் ஒட்டாமல் எழும்பியது. அதை அவரே உள்ளங்கையால் அழுத்திவிட்டார்.

நாற்காலிகளில் பேச்சு நின்றது.

"நம்ம வீட்டுலயாப்பா?" என்றாள் மகள்.

"ஆமா."

"ஊர் வீட்டையெல்லாம் பார்த்தீங்களேப்பா." அம்மாவின் காலருகே போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது.

தையல்காரியின் கொல்லைப்புறக் குழாயடியில் ஜாடியைக் கவிழ்த்துத் தண்ணீரை மண்ணில் கொட்டி, கொடியை ஓரமாக வைத்துவிட்டு, தேங்காய் நாரால் உள்பக்கம் தேய்க்க ஆரம்பித்தார். முட்டை தண்ணீரில் இருக்காது. தண்ணீருக்குச் சற்று மேலே, ஜாடியின் சுவரில் ஒட்டியிருக்கும். சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும்.

"விடுங்க அண்ணே, நான் தேய்ச்சுக்கறேன். இதுவா முக்கியம் இப்போ?"

"தண்ணி கொஞ்சம் நாறுது. ரெண்டு நிமிஷம்."

மகள் தேடிக்கொண்டு வந்தாள். "அப்பா, வண்டி வந்துடுச்சு. மாமா கூப்பிடறாங்க." சொல்லிவிட்டு நின்றாள். தரையில் கிடந்த கொடியைப் பார்த்தாள். "இது அம்மா செடி இல்ல?"

அவர் கை நின்றது. "உனக்கும் தெரியுமா?"

"போன்ல காட்டும். அப்பாகிட்ட சொல்லிடாதேன்னு சொல்லும்."

அவர் மறுபடி ஜாடிக்குள் கையை விட்டார். மகள் ஜாடியைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த டார்ச்சைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்ற தையல்காரியை வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தை, நீங்க அம்மாகிட்ட போய் உட்காருங்க. நாங்க இதோ வரோம்," என்றாள்.

தையல்காரி போனதும், அவள் அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, குழாயைத் திறந்து, அவர் தேய்த்த இடத்தில் கை கையாகத் தண்ணீர் அள்ளி ஊற்றத் தொடங்கினாள். வாசலில் மாமா இரண்டாம் முறை கூப்பிட்டார்.