அக்காவின் குரல்

அந்தப் பல் கிளினிக்கில் போனை எடுத்துப் பேசுகிறவரை டாக்டர் முதல் நோயாளிகள் வரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். அடுத்த வாரம் ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைக்க டாக்டருக்கு மனம் வரவில்லை. கூப்பிடுகிறவர்கள் பேசிப் பதிந்துவிட்டுப் போகிற வாய்ஸ்மெயில் வைத்துக்கொள்ளலாம் என்று டெலிபோன்காரரை வரவழைத்தார்.

வந்தவர் மேஜைக்கு அடியில் தலையை விட்டுப் பழைய இணைப்புப் பெட்டியைப் பார்த்தார். “மிஷின் குரல்ல பேசறது இதோட சேராது டாக்டர். சேர்றது ஒண்ணுதான் இருக்கு. ஆனா அதுல முதல்ல கேக்கற வார்த்தைய யாராவது பேசிப் பதியணும்.”

டாக்டர் சங்கடத்தோடு நெளிந்தார். “நானே பேசிடறேன் அக்கா.”

“நீங்க பேசினா பல்வலிக்காரங்க பயந்து போனை வெச்சிடுவாங்க” என்று சிரித்தபடி ரிசீவரை வாங்கினார் அக்கா. பிறகு, “வணக்கம். வலி இருந்தா தயங்காம சொல்லுங்க, நாங்களே கூப்பிடறோம்” என்று சொல்லி முடித்தார்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு அக்கா வேலைக்குத் திரும்பியபோது, வந்திருக்கும் பதிவுகளைக் கேட்டு எழுதி வைப்பது அவர் வேலையானது. முதல் பதிவில், பல வருஷமாக வருகிற பெரியவர் ஒருவர் பேசினார். “ஆபரேஷன்னு கேட்டு ஆடிப்போயிட்டேன்மா. குரல் அப்படியே கணீர்னு இருக்கே! இப்பத்தான் போன உசுரு வந்துச்சு.”

பக்கத்தில் நின்ற டாக்டருக்குக் கண் கலங்கியது. “நான் கூப்பிட்டுச் சொல்லிடட்டுமா அக்கா?”

அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். பெரியவரின் பெயரைப் பாதி எழுதினார். பேனாவை வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.