லெய் ஆற்றில் மஞ்சள் தொப்பி

எங்கள் ஸ்டேயார்ட் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஓவியர்கள். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா மூவரும் லெய் ஆற்றை வரைந்தே பேர் வாங்கினார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில், ஊர் அருங்காட்சியகம் மூவருடைய படங்களையும் சேர்த்துக் கண்காட்சி வைத்தது.

திறப்பு விழாவுக்கு மகள் ஃபீனோடு போனேன். வாசலிலேயே அண்ணன் வான்னெஸ் மறித்தான்.

"கடைசி அறைக்குப் போகாத, டீனெ. அப்பா இத்தனை வருஷம் பூட்டி வச்சிருந்த படத்தைக் குடுத்திருக்காரு."

"அதுக்கென்ன?"

"சொன்னாக் கேளேன்."

நான் கேட்கவில்லை.

கடைசி அறையில் அந்தப் படம்: உறைந்த ஆறு. நடுவே பனி உடைந்து கறுத்த தண்ணீர். விளிம்பைப் பற்றியபடி மார்பளவு மூழ்கிய ஒரு பெண். தலையில் மஞ்சள் கம்பளித் தொப்பி.

அது என் தொப்பி. எனக்கு ஏழு வயதில், தன்னுடையது ஈரமாக இருக்கிறதென்று அம்மா அதை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கப் போனாள். நான் அழுதேன். "சாயங்காலம் தந்துடறேன்டி" என்றாள். பனி உருகிய பிறகுதான் அவளைக் கண்டெடுத்தார்கள். தொப்பி கிடைக்கவேயில்லை. அன்று விடியுமுன் கிளம்பிய அப்பா இருட்டிய பின்தான் திரும்பினார். கென்ட் நகரில் இருந்ததாகச் சொன்னார்.

இப்போது அவர் என் பின்னால் வந்து நின்றார். எண்பது வயதிலும் வளையாத முதுகு.

"எப்படி இருக்கு?"

"நீங்க அன்னைக்கு கென்ட்ல இருந்தீங்கல்ல?"

"தண்ணியோட கறுப்பைப் பாரு. அதுக்கே ஒரு வருஷம் ஆச்சு."

"அவ தலையில இந்தத் தொப்பி இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கையிலிருந்த ஒயினை ஒரு மடக்கு குடித்தார்.

"கரையிலதான் இருந்தேன். இறங்கியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்."

"கத்தியிருக்கலாமேப்பா! பக்கத்துப் பண்ணையில ஆள் இருந்தாங்களே!"

"ஆளுங்க வந்திருந்தா அந்த முகம் கலைஞ்சிருக்கும்" என்றார், படத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்.

யாரோ வந்து அவர் கையைக் குலுக்கிப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவர் பார்வை சன்னலோரம் நின்ற ஃபீன் மேல் போய்த் தங்கியது. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டார்.

"அவளுக்கு அப்படியே உங்கம்மா முகம். ஞாயித்துக்கிழமை ஆத்துக்குக் கூட்டிட்டு வா. அதுக்குள்ள உறைஞ்சிடும்."

கழற்றி வைத்த கோட்டைக்கூட எடுக்காமல் ஃபீனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தோம். மதியம் வான்னெஸ் வந்து கதவை இடித்தான். முகம் வெளுத்திருந்தது.

"கரையில கேன்வாஸ் போட்டு உக்காந்திருக்காரு. சறுக்கி விளையாடற புள்ளைங்களை இன்னும் நடு ஆத்துக்குப் போங்கன்னு விரட்டறாரு. நான் கூப்பிட்டா ஒரு புள்ளையும் வரல."

ஃபீனைக் கணவரிடம் விட்டுவிட்டு அவனோடு போனேன். இரண்டு பிள்ளைகள் நடு ஆற்றை நெருங்கியிருந்தார்கள். காலடியில் பனி முனகுவது கரைவரை கேட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களைக் கண்டதும் பிள்ளைகள் மிரண்டு கரைக்குத் திரும்பினார்கள்.

அப்பா தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"கெடுத்துட்டியே" என்றார்.

அதிலிருந்து ஆறு உறையும் நாட்களில் வான்னெஸ் அவர் வீட்டிலேயே தங்குகிறான். வெளிக்கதவின் சாவி அவன் சட்டைப்பையில் இருக்கிறது.