பதினான்காம் கேள்வி

...எண்பத்தேழு, எண்பத்தேழு, இன்னொரு தடவை சொல்லேன், பின்வரிசைக்குக் கேட்டிருக்காது என்று மனதுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டார் தொஃபாஜ்ஜல் ஹுசைன், மேடையில் திட்டத்தை நடத்தும் ஷாகாவத் ஒலிபெருக்கியை உதட்டோடு ஒட்டிக்கொண்டு நிஜமாகவே இன்னொரு தடவை சொன்னான், காஷிசர் கிராம யூனியனில் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் வார்டு சபையில் வரியைப் பற்றித் தங்கள் கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள், கைதட்டல்... முதலில் தட்டுவது ஷாகாவத்தின் ஆட்கள், அதைப் பார்த்து மற்றவர்கள், பாவம் அவர்களுக்குப் பசி, வாசலருகே அடுக்கிய அட்டைப்பெட்டிகளிலிருந்து சிங்காடாவின் எண்ணெய் வாசனை வருகிறது, கூட்டம் முடிந்தால்தான் பெட்டி. மூன்று வருடத் திட்டம், மக்களே கூடி உள்ளூர் வரியைத் தீர்மானிப்பது, அது நடந்ததா இல்லையா என்று மதிப்பிட டாக்காவிலிருந்து வந்த ஆள் அவர், மதிப்பிட்டாயிற்று, இன்னும் கால் மணி நேரத்தில் எழுந்து நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போட்டால் புதிய வரிப்பட்டியல் உறுதியாகிவிடும், அப்புறம் ஒருத்தரும் ஆட்சேபிக்க முடியாது, அதற்கு இன்றுதான் கடைசி நாள்... போடலாம், பேனா சட்டைப்பையில்தான் இருக்கிறது, காலையில் அந்த அம்மாள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் போட்டிருக்கலாம்.

அவரை யார் போகச் சொன்னார்கள்? ஊராரிடம் கேள்வி கேட்டு நிரப்பிய அறுநூறு படிவங்களில் ஏதாவது ஆறை உருவி வீட்டுக்கே போய்ச் சரிபார்க்கும் கெட்ட பழக்கம், வேறு எந்த மதிப்பீட்டாளருக்காவது இருக்கிறதா, அவனவன் தங்குமிடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அறிக்கை எழுதிவிட்டுப் போகிறான். ஆறாவது வீடு ஆம்பியா பேவாவுடையது, ஜமுனா ஆறு கரையை அரித்துக்கொண்டு வரும் பக்கம், தகர வீடு, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு மட்டும் செங்கல், வெள்ளம் வந்தால் தகரம் அடியில் துருப்பிடிக்காமல் இருக்க மருமகன் வைத்துக் கொடுத்தது, அந்த முழங்கால் செங்கலைப் பார்த்துத்தான் அளக்க வந்தவன் அரைச் செங்கல் வீடு என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான், வரி நாலு மடங்கு. அவளால் கட்ட முடியாது, கட்டின ரசீதைக் காட்டாமல் யூனியன் செயலாளர் பேத்தி ஷியுலிக்குப் பிறப்புச் சான்று தரமாட்டார், சான்று இல்லாமல் பள்ளியில் ஷியுலியின் பெயரைப் பரீட்சைக்கு ஏற்றமாட்டார்கள், இதெல்லாம் அவள் குறையாகச் சொல்லவே இல்லை, இவர் துருவித் துருவிக் கேட்டு வாங்கியது. ஆனால் படிவத்தில், வார்டு சபையில் உங்கள் மொத், அதாவது கருத்து, கொடுத்தீர்களா என்ற பதினான்காம் கேள்விக்கு நேரே, ஆமாம் என்று கட்டத்தில் குறி, பக்கத்தில் பெருவிரல் ரேகை. இவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சபையில நீங்க உங்க மொத் குடுத்தீங்களா, சாசி?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டார்.

"குடுத்தேனே."

"என்ன குடுத்தீங்க? என்ன சொன்னீங்க?"

"இதென்ன கேள்வி பாபா, மொத்துதான் குடுத்தேன். செயலாளர் பட்டியலைப் படிச்சாரு, எல்லாருக்கும் மொத் இருக்கான்னு கேட்டாரு, எல்லாரும் கையைத் தூக்கினாங்க, நானும் தூக்கினேன். பொண்ணு கேட்டு வந்து கூடத்துல உக்காந்திருக்கறவங்க முன்னாடி யாராவது மொத் இல்லைன்னு சொல்லுவாங்களா? அப்புறம் ஊருல தலைகாட்ட வேண்டாமா?"

மொத்! அடப்பாவி, மொத் என்றால் இங்கே சம்மதம், கருத்தாவது மண்ணாவது, கல்யாணத்துக்குப் பெண்ணிடம் கேட்பார்களே, அந்த மொத், சரி என்று சொல்வதற்காகவே கேட்கப்படுவது... அறுநூறு பேரிடமும் உங்கள் கருத்தைச் சொன்னீர்களா என்று கேட்டதாக இவர் நினைத்துக்கொண்டிருக்க, அவர்கள் காதில் விழுந்தது நீங்கள் ஒத்துக்கொண்டீர்களா என்பது, ஒத்துக்கொண்டோம் ஐயா, நூற்றுக்கு எண்பத்தேழு பேர் மறுபேச்சு பேசாமல் ஒத்துக்கொண்டோம், அதற்குத்தான் இப்போது கைதட்டல். கேள்வியில் மொதாமொத் என்றுதான் முதலில் இருந்தது, கருத்து என்று சந்தேகமில்லாமல் சொல்லும் சொல், அதை வெட்டியது யார்? டாக்கா அலுவலகத்தில் குளிர்சாதனத்துக்கு அடியில் உட்கார்ந்து, இவ்வளவு நீளமான படித்த சொல் கிராமத்து ஜனங்களுக்கு எதற்கு, சுருக்கமாக மொத் என்று போடுங்கள், அவர்கள் பாஷையில் இருக்கட்டும் என்று சிவப்பு மசியால் அடித்தது யார்? அவர்தான், வேறு யார், அவர்கள் பாஷையாம்! இங்கிருந்து முப்பது மைலில் பிறந்தவன்தானே நீ, உனக்குத் தெரியாதா அந்தச் சொல், அக்கா ரெஹானாவிடம் அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று இந்தக் கல்யாணத்துக்கு மொத் இருக்கிறதல்லவா என்று கேட்டபோது நீ உள்ளேதானே சோறு தின்றுகொண்டிருந்தாய், அக்கா குனிந்து மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டே ம் என்றாள், அவளுக்குப் பிடிக்கவில்லை என்று உனக்குத் தெரியும், நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள் என்றும் தெரியும், தெரிந்தும் தின்றாய், இன்னொரு துண்டு மீன் கேட்டாய்... சே.

கூட்டம் தொடங்கும் முன் ஷாகாவத்தைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார், அவன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றது. "ஒரே ஒரு வார்த்தைக்காக மூணு வருஷத்தைக் குப்பையில கொட்டச் சொல்றீங்களா, தொஃபாஜ்ஜல் பாய்? அடுத்த கட்டத்துக்கு நாற்பது யூனியன் காத்திருக்கு. என்கிட்ட பதினேழு பேர் வேலை பாக்கறாங்க, அவங்க வீட்ல அடுப்பு எரியணும்." அது பொய்யில்லை, அதுதான் எரிச்சல், கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம், இவன் இரவும் பகலும் படகிலும் சைக்கிளிலும் அலைந்தவன், டைஃபாய்டில் விழுந்து எழுந்தும் அலைந்தவன். "ஒத்துக்கிட்டாங்கன்னா அதுவும் பங்கேற்புதானே பாய்? அப்புறம் இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க, அந்தக் கேள்வியை எழுதினது நான் இல்ல." சுருக்கென்றது, இன்னும் குறையவில்லை. எழுதினவன் எழுதினபடி இருக்கிறான், பரீட்சை போகப்போவது ஷியுலிக்கு, அதோ மூன்றாவது வரிசையில் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், வரச் சொன்னார்கள், வந்திருக்கிறாள், அவளும் கைதட்டுகிறாள், எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியுமா... தெரிந்தால் மட்டும்?

இப்போது அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், மதிப்பிற்குரிய மதிப்பீட்டாளர், செயலாளர் பட்டியலை மேசைமேல் விரித்துக் கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார், மேசைக்குத்தான் போக வேண்டும், கால் எப்படியோ மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டது, ஷாகாவத் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு பாய், பாய் என்றான், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும், நல்லா பார்க்கட்டும், ஒருத்தர் வரியையாவது திருத்தாமல் இந்த மனுஷன் கையெழுத்துப் போடமாட்டான் என்று தெரியட்டும். ஆம்பியா பேவாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார், முழங்கால் சொடுக்கியது, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துப் பேனா மூடியைத் திறந்தார். "சாசி, உங்க வீடு தகர வீடுதான், நாலு மடங்கு வரிக்கு நீங்க ஒத்துக்கலைன்னு ஆட்சேபனை எழுதிடட்டுமா? இன்னிக்கு எழுதினாதான் உண்டு." அவள் செயலாளரைப் பார்த்தாள், ஷியுலியின் தலையைத் தொட்டாள், பிறகு இவர் முகத்தையே பார்த்தாள், ரொம்ப நேரம், கண்ணை எடுக்காமல்.

"எழுதுங்க பாபா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு மொத் இருக்கு."

"அய்யோ, அது இல்ல சாசி, நான் சொல்றதை விடுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க? ஒத்துக்கிட்டீங்களா, இல்லையா?"

அவள் பயந்துவிட்டாள், தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று, முக்காட்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு மறுபடியும் இவர் முகத்தில் தேடினாள், பிறகு கண்டுபிடித்தவள்போல மெல்ல, "ஒத்துக்கலை," என்றாள், சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் பார்த்தாள், நன்றாகத்தான் சொன்னாள், இதைத்தானே கேட்க வந்தார், காகிதத்தில் பேனா முனையை வைத்தார், அப்போதுதான் தன் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பது தெரிந்தது, வகுப்பில் பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆட்டுவாரே அதுபோல, ஆட்சேபனை எழுதட்டுமா என்று கேட்ட நேரத்திலிருந்தே ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார், இன்னும் நிறுத்தவில்லை.