நடுப்பக்கத்துப் பிள்ளை

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்து அந்த ஓவியக் கண்காட்சிப் புத்தகத்தை எடுத்தபோதே கைக்கு லேசாக இருந்தது. நடுத்தாளைக் காணோம். அதைப் பிடித்திருந்த துருப்பிடித்த கம்பிகள் வாய் பிளந்து நின்றன.

"எம்மா, இதுல ஒரு சின்னப்பிள்ள படம் இருந்துச்சே?"

அடுப்படியில் அம்மா திரும்பவில்லை. "கோமு படம்னு சொல்லு."

எனக்குச் சென்னையில் பார்சல் கம்பெனியில் வேலை. ஆறு பேர் படுக்கும் அறையில் பெட்டி வைக்க இடமில்லை. அதனால் நடைபாதைக் கடைகளில் பொறுக்கும் பழைய ஓவியக் கண்காட்சிப் புத்தகங்களையும் அழைப்பிதழ்களையும் விக்கிரமசிங்கபுரத்து வீட்டில் கொண்டுவந்து போடுவேன். இதெல்லாம் எதற்கு என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. நான் இல்லாதபோது ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அக்கா கோமு ஆற்றோடு போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அவளுக்கு போட்டோ கிடையாது. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்த அன்றைக்குக் காய்ச்சல். கல்யாணமாகாமல் இறந்தவள் என்பதால் எங்கள் வீட்டுக் கன்னித்தெய்வம் அவள்தான். ஓலைப்பெட்டிக்குள் பாவாடை சட்டையும் வளையலும் வைத்து, வருஷாவருஷம் புதுசு மாற்றிக் கும்பிடுவோம். அந்தப் பெட்டியைத் திறந்தேன். பாவாடைக்கு மேலே நடுத்தாள் கிடந்தது. பச்சை முகம். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள். நெற்றியில் அம்மா வைத்த குங்குமம் தாளில் ஊறியிருந்தது.

"இது கோமு இல்லம்மா. வரைஞ்சவரோட மக. அனுராதான்னு பேரு, மெட்ராஸ்ல இருக்காவ. நான் போன்ல போட்ட படத்தப் பாத்துட்டுக் கூப்பிட்டாவ. அவ்வொ அப்பா வரைஞ்சதெல்லாம் வெள்ளத்துல போயிட்டாம். மிச்சம் இந்தத் தாளு ஒண்ணுதான். நாளைக்கு இதுக்காவத்தான் இங்கன வாராவ."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "உசுரோட இருக்காளா?"

"இருக்காவம்மா."

"வயசு?"

"அறுவது இருக்கும்."

"கல்யாணம் ஆயிட்டா?"

"கேக்கல."

"இதக்கூடவா கேக்க மாட்ட? என்ன பிள்ளலே நீ."

தாளைக் கொடுத்தால் கோமு இரண்டாம் தடவை போவாள். கொடுக்காவிட்டால் அந்தப் பெண்ணை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? கண்ணை மூடி அக்கா முகத்தை நினைத்துப் பார்த்தேன். பச்சையாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன முகம் இருந்தது என்று பிடிபடவேயில்லை.

மறுநாள் வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியவருக்கு நரைத்த தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சேலைக் கரையும் ஈரம்.

"பாபநாசம் ஆத்துல அப்பாவை நினைச்சு ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

அம்மா பெட்டியோடு நடுவீட்டில் நின்றிருந்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்தாள்.

"ஏட்டி, இம்புட்டு நேரமா ஆத்துல கிடந்த?"

பெட்டியைக் கீழே வைத்துத் தாளை ஒதுக்கிவிட்டு, மடிப்புக் கலையாத புதுப்பாவாடையை உருவினாள். அனுராதா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தார். அம்மா அந்தப் பாவாடையால் பைய, பிள்ளைக்குத் துவட்டுவதுபோல் துவட்டினாள்.

முடியிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. எட்டினால் எடுத்துவிடலாம். என் கை எழவில்லை. குங்குமம் கரைந்து நெற்றியிலிருந்து அந்தக் கறுப்புக் கோடுகளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.