மரக்கட்டையில் என் முகம்

என் வைத்திய நூலின் முதல் பக்கத்துக்காக என் முகத்தை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தான், ஸ்ட்ராஸ்பர்க் அச்சகக்காரன் டீபோல்ட். மறுவருடம் அவன் போட்ட கொலைக்கதைப் புத்தகத்தில், பெண்டாட்டிக்கு விஷம் வைத்தவனுக்கும் அதே முகம்.

நேராக அச்சகத்துக்கே சண்டைக்குப் போனேன்.

"கட்டை சும்மா கிடந்துச்சு வைத்தியரே. ஒரே ஊர்ப் படத்தை ரோமுக்கும் போட்டேன், ஜெருசலேமுக்கும் போட்டேன். ரோம்காரன் எவனும் சண்டைக்கு வரலையே."

"அது ஊருய்யா. இது என் மூஞ்சி."

"உங்க புத்தகத்தை எவன் வாங்கினான், உங்க மூஞ்சி தெரிய?"

அது உண்மைதான். என் நூலைப் பார்த்து யாரும் என்னை அடையாளம் கண்டதில்லை.

திரும்பும் வழியில், பாலத்தில் ஒரு பெண் என்னைக் கண்டுகொண்டாள். குழந்தையை இழுத்துப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தாள்.