முப்பத்தொன்றாம் தேதி வரை

அக்கா போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள். "பல்லு தேய்ச்சா ரத்தம் வருதுடி. ஆனா உங்க ஆஸ்பத்திரி பட்டியல்ல என் பேர் இல்ல. அப்ப எனக்கு ஒண்ணுமில்லதானே?"

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில்தான் தங்கைக்கு வேலை. ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் கருவி போன மாதம் முழுக்கத் தப்பாகக் காட்டியிருக்கிறது. அதை நம்பி டாக்டர்களும் ரத்தத்தை இளக்கும் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று முதல் முப்பத்தொன்று வரை வந்தவர்களைத் திரும்ப அழைக்கப் பட்டியல் எடுத்தது இவள் பிரிவுதான். அக்கா வந்தது முப்பத்தொன்றாம் தேதி, காலை பதினொன்று பத்துக்கு.

பட்டியல் எடுக்கக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த கட்டளையை, அந்தக் குவெரியை, திறந்தாள். 'ஒன்றுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையே' என்று பிரிவுத் தலைவர் மாற்றி வைத்திருந்தார். முப்பத்தொன்று வரை என்றால் மனிதருக்கு அன்று முழுக்க. கம்ப்யூட்டருக்கோ அந்தத் தேதி பிறக்கும் நள்ளிரவு நொடியோடு சரி. அதற்குப் பிறகு வந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே.

போன வாரமே அவரிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவள் முதலில் எழுதியது ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் தேதியாக மாற்றிப் பார்த்தது. ஆமை வேகம் என்று அவர் அதை மாற்றினார்; வேகம் குறைவுதான், அவளும் ஒப்புக்கொண்டாள். "'இந்த மாசம் ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி'ன்னு போடலாம் சார். சரியாவும் வரும், சட்டுனும் வரும்."

அவர் சிரித்தார். "கேட்டது போன மாசம். இந்த மாசம் எதுக்கும்மா நடுவுல மூக்கை நுழைக்குது?"

அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, மாத்திரையைத் தொடாத. உடனே கிளம்பி இங்க வா!"

"ஏன்டி கத்துற? 'பட்டியலில் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம்'னு நீங்கதானே மெசேஜ் போட்டீங்க?"

அக்காவைக் கிளப்பிவிட்டு, அந்த ஒரு வரியைத் திருத்தி ஓட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் விட்டுப்போன நாற்பத்து மூன்று பேரும் வந்து நின்றார்கள். அச்செடுத்துத் தலைவர் மேசையில் வீசினாள்.

"ஒரு நாள்தானே விட்டுப்போச்சு? அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற? ரிசப்ஷன்ல குடு, பொறுமையா கூப்பிடுவாங்க."

"நாள் இல்ல சார், நாப்பத்து மூணு பேர். நீங்களே கூப்பிடுங்க. இப்பவே." போனை அவர் கையில் திணித்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

மூன்று பேர் பதறிக்கொண்டு கிளம்பினார்கள். நான்காவது எண்ணில் ஓர் ஆண் குரல். தலைவர் தொண்டையைக் கனைத்து விஷயத்தைச் சொன்னார்.

"முந்தாநாளே நான் போன் பண்ணிக் கேட்டேனே சார்," என்றது குரல். "அம்மா பேர் பட்டியல்ல இல்லன்னு சொன்னீங்க. நேத்து ரத்தம் நிக்காமலே போயிட்டாங்க. இப்ப யாரைக் கூட்டிட்டு வரச் சொல்றீங்க?"