பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பிற்பகலில், மனைவிக்கு ஒரு நன்மை செய்யலாம் என்று மாரிக்கண்ணனுக்குத் தோன்றியது. தாராவியில் அவர்கள் இருவரும் நடத்திவந்த எம்ப்ராய்டரி பட்டறையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஊசிகளை மாற்றி, நூல்பிசிறுகளைப் பிரஷ்ஷால் தட்டி முடித்திருந்தான். விஜயராணி பூவும் பொரியும் வாங்க மாட்டுங்காவுக்குப் போயிருந்தாள். சுத்தம் செய்ய எஞ்சியிருந்தது அவள் டிசைன் வரையும் கம்ப்யூட்டர் மட்டுமே.

அதைத் துணியால் துடைத்தான், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது சில வாரங்களாக மந்தமாக ஓடுகிறதென்று விஜயராணி குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். பழைய ஹார்டு டிஸ்க் சாகக் கிடந்தபோது அதில் இருந்தவற்றை சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்தவன், பக்கத்துச் சந்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அர்பாஸ். பழையது, காயலான் சாமான் வாங்கும் பங்கார்க்காரனிடம் போயிற்று. புதியதை முழுக்க நிரப்பிவிடக் கூடாது, காலியிடம் இருந்தால்தான் வேகமாக ஓடும் என்று அர்பாஸ் அன்றே சொல்லியிருந்தான். இப்போது அது விளிம்புவரை நிரம்பியிருந்தது. உள்ளே பார்த்தால், ஒவ்வொரு டிசைனும் ஒரே பெயரில் இரண்டிரண்டாக இருந்தது. ஒரே சாமான் இரண்டு எதற்கு? ஒவ்வொரு ஜோடியிலும் பெரியதை அழித்தான். ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்தான். கம்ப்யூட்டர் அப்போதே சுறுசுறுப்படைந்ததாக அவனுக்குப் பட்டது. மறுநாள் சாவகாசமாகச் சொல்லி, மனைவியை வியக்கவைக்க எண்ணினான்.

மறுநாள் மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் சரஸ்வதி படத்தை வரவழைத்து, அதன் சட்டத்திலும் ஒரு பொட்டு வைத்தாள் விஜயராணி. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக் கூடாது. அணைப்பதும் தொடுவதுதான் என்பது அவள் தீர்ப்பு. ஆகவே அது எரிந்தபடியே இருந்தது.

சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பேராச்சி, சுவரில் தொங்கிய ரவிக்கைத் துணியின் மயிலைப் பார்த்து நின்றாள். அது சான்பாடாவில் துணிக்கடை வைத்திருக்கும் வந்தனாவுக்காகச் செய்தது என்றும், அதே மயிலை ரவிக்கையின் கைக்கு ஏற்றாற்போல் சிறிதாக்கித் தீபாவளிக்குக் கேட்டிருக்கிறாள் என்றும் விஜயராணி சொன்னாள். சின்னதாக்குவது பெரிய வேலையா என்று பேராச்சி கேட்டாள்.

"மூல ஃபைல் இருந்தா ஒண்ணுமில்லக்கா. மெஷினுக்குக் குடுக்கிற ஃபைல்ல ஊசி எங்கெங்க குத்தணும்னு மட்டுந்தான் இருக்கும். அதைச் சுருக்குனா தையல் நெருங்கி, துணி அட்டை மாதிரி விறைச்சிரும். மயிலு இருக்கது மூலத்துல. பேரு ரெண்டுக்கும் ஒண்ணுதான், பாத்தா தெரியாது."

சூடத் தட்டைப் பிடித்திருந்த மாரிக்கண்ணனுக்குக் கை சுட்டது பிறகுதான் தெரிந்தது. ஜோடிகளில் பெரியவையாக இருந்தவை அந்த மூலங்கள்தான். மயில் மட்டுமன்று, பட்டறை தொடங்கியதிலிருந்து அவள் இழை இழையாக வரைந்த எல்லா மூலங்களையும் அவன் அழித்திருந்தான். இருந்தும் தட்டை வைத்துவிட்டுக் கைகூப்பி, அவள் பக்கத்திலேயே நின்று கும்பிட்டான்.

அவனைப் பேசவிடாமல் தடுத்தது பயம் மட்டுமன்று, ஒரு நம்பிக்கையும்தான். முன்பொரு முறை பழைய டிஸ்க்கில் கல்யாணப் படங்கள் அழிந்துபோனபோது, அர்பாஸ் அவற்றை மீட்டுக் கொடுத்திருந்தான். அழித்தபின் எதையும் தொடாமலிருந்தால், மேலே வேறொன்று எழுதப்படாதவரை பழையது அடியில் அப்படியே கிடக்கும் என்று அப்போது விளக்கியிருந்தான். இப்போதோ கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது என்று சாமியே உத்தரவு போட்டாற்போல் இருந்தது. இதைவிடப் பாதுகாப்பு எது? மறுநாள் காலை, விஜயராணி வருமுன் அர்பாஸை வரவழைத்துக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று தேற்றிக்கொண்டான்.

விஜயதசமி காலையில் அர்பாஸ் வந்து, தான் கொண்டுவந்த மென்பொருளை ஓடவிட்டான். அழிந்த ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் திறந்தான், உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை.

"கதம், அண்ணாச்சி, எல்லாம் போச்சு," என்றான். "அன்னிக்குக் கல்யாணப் படம் மீட்டது சுத்துற டிஸ்க்குல. இது வேற. நீங்க அழிச்ச உடனே, இந்த எடம் இனி வேண்டாம்னு சிஸ்டமே டிஸ்க்குக்குத் தகவல் குடுத்துரும். டிஸ்க்கு சும்மா இருக்க நேரத்துல அதையெல்லாம் துடைச்சு வச்சிக்கிடும். அப்பத்தான் அடுத்து வேகமா எழுத முடியும். நேத்து முழுக்க சும்மாத்தான இருந்துச்சு?"

"பூஜையில இருந்துச்சு."

"அதான். நிம்மதியா வேலை பாத்திருக்கு."

முன்பே கூப்பிட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று மாரிக்கண்ணன் கேட்டான். அழித்த நிமிஷமே கூப்பிட்டிருந்தாலும் சந்தேகந்தான் என்று அர்பாஸ் நேர்மையாகச் சொன்னான். அதனால் மாரிக்கண்ணனுக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது விஜயராணி டிபன் தூக்குடன் உள்ளே வந்தாள். அர்பாஸையும் திரையையும் பார்த்தாள். மாரிக்கண்ணன், ஒத்திகை பார்த்த சமாதானங்கள் எதையும் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்றைத்தான் விசாரித்தாள்.

"நேத்து சூடம் காட்டுதப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எம்பக்கத்துல நின்னு கும்பிட்டீங்க."

"வந்துரும்னு நெனச்சேன், விஜயா."

அவள் டிபன் தூக்கை மேஜையில் வைத்தாள். அழுதிருந்தால் அவன் எப்படியாவது தேற்ற முயன்றிருப்பான், அதற்கும் வழியில்லை. அர்பாஸ், இனிமேல் தினமும் தானாகவே வேறொரு டிஸ்க்கில் நகல் சேரும்படி செய்து தருவதாக யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நழுவினான்.

விஜயராணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மிஞ்சியிருந்த மெஷின் ஃபைலைத் திறந்தாள். மயில் ஊசிக்குத்துகளின் கூட்டமாகத் திரையில் எழுந்தது. அதன் மேல் புதிய கோடு ஒன்றைக் கொண்டையிலிருந்து தொடங்கினாள்.

"வந்தனாவுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க," என்றாள், திரும்பாமலே. "கரண்டு போச்சு, மெஷின் கெட்டுச்சுன்னு கதை விடக் கூடாது."

வாடிக்கையாளர்களிடம் பேசுவது என்றைக்கும் அவள் வேலை. அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன் போட்டான். வந்தனா எடுத்ததும், தான் விஜயராணியின் கணவன் என்று தொடங்கி, மயிலை அழித்தது தான்தான் என்பதுவரை சொன்னான். நடுவில் இருமுறை நின்றான்.

"போனது போச்சு. தீபாவளிக்கு முன்னாடி கெடைக்குமா, கெடைக்காதா? அதை மட்டும் சொல்லுங்கோ," என்றாள் வந்தனா.

அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு மனைவியின் முதுகைப் பார்த்தான். கேள்வியைத் திருப்பிச் சொன்னான். அவள் கோட்டைக் கழுத்துவரை கொண்டுவந்து முடித்தாள்.

"முன்னாலேயே குடுத்துருவோம்னு சொல்லுங்க," என்றாள்.

அவன் போனிலிருந்து கையை எடுத்தான்.